பதினோரு மாதம்

பூட்ஸ் போட்ட காலால் ஒருவனை உதைத்தால் பத்து வருடம் வரை உள்ளே தள்ளலாம். வெறுங்காலால் அதே உதையை விட்டால் இரண்டரை வருடத்துக்கு மேல் போகாது. மாசசூசெட்ஸ் சட்டம் அப்படி. பூட்ஸ் ஆயுதக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முழங்கால் வரை பனி கிடக்கும் பிப்ரவரி மாதத்தில் வெறுங்காலோடு சண்டைக்குப் போகிறவன் எவன் என்று சட்டத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

ரூயி ஃபுர்டாடோவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கூரை வேலை செய்கிறவன். பனிப்புயல் அடித்த மறுநாள் விடியற்காலையில் எழுந்து, இரண்டு மணி நேரம் பனியை வாரிக் கொட்டி, வீட்டு முன்னால் தன் வண்டி நிற்பதற்கு ஓர் இடம் செய்தான். அம்மாவின் சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தின் நடுவில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். நாற்காலி கிடந்தால் அந்த இடம் பனியை வாரியவனுடையது. எங்கள் ஊரில் இதை யாரும் எழுதி ஒட்டத் தேவையில்லை. சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் நாற்காலி பனிக்குவியல் மேல் நாலு காலையும் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. இடத்தில் அடுத்த தெருக்காரன் ஒருவனின் கார். வாய்ப்பேச்சு முற்றிக் கைகலப்பாயிற்று. அடுத்த தெருக்காரன் வழுக்கி விழுந்தான். விழுந்தவனை ரூயி ஒரு உதை விட்டான். ஒரே உதைதான். விலா எலும்பு ஒன்று முறிந்துபோயிற்று.

விழுந்தவனை உதைத்தது அசிங்கம். ரூயியின் வக்கீல் நோரா டன்ஃபியே அதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னாள். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் அவள். இருபத்திரண்டு வருடமாக அதே கட்டடத்தில், அதே தேய்ந்த படிக்கட்டில் ஏறி இறங்கியவள். எங்கள் மாநிலத்தில் குற்றத்தைத் தரம் பிரிப்பது எளிது. மாநிலச் சிறைக்கு அனுப்பக்கூடியது பெருங்குற்றம். கவுண்டி சிறையோடு, அதாவது மாவட்டச் சிறையோடு, முடிந்துவிடக்கூடியது சிறுகுற்றம். பெருங்குற்றவாளி என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை கூடவே வரும். வேலை கேட்கப் போனாலும் வரும், வீடு கேட்கப் போனாலும் வரும். சிறுகுற்றம் என்றால் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்கலாம். பெரியதைச் சிறியதாக்குவதே நோராவின் பிழைப்பு. அதில் அவள் கெட்டிக்காரி. அது அவளுக்கும் தெரியும்.

ஏப்ரல் மாதம் முதல் திங்கட்கிழமை, நீதிமன்றத் தாழ்வாரத்தில் அரசு வக்கீல் ஸ்லேட்டை அவள் மடக்கிப் பிடித்தாள்.

"பூட்ஸை விட்டுடு ஸ்லேட்."

"எப்படி விடறது? அந்த ஆளு எக்ஸ்ரேயை சாமி படம் மாதிரி தூக்கிட்டு அலையறான்."

"நாற்காலியை எடுத்தவன் அவன். ஜூரியில ஆறு பேர் உட்காருவாங்க. ஆறு பேருமே இந்த வருஷம் இடுப்பொடியப் பனி வாரினவங்க. நாற்காலி கதையை நான் ஆரம்பிச்சேன்னா உன் எலும்பு முறிஞ்ச ஆளை அவங்களே எழுந்து உதைப்பாங்க."

ஸ்லேட் சிரித்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் காரும் அப்படியொரு நாற்காலி காத்த இடத்தில்தான் நின்றது.

"சரி, பூட்ஸ் போச்சு. வெறும் அடிதடி, சிறுகுற்றம். ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வரட்டும். இல்ல, ஒரு நாள்கூட உள்ள போக மாட்டேன்னா ஒரு வருஷம்னு போட்டு மொத்தத்தையும் நிறுத்தி வெச்சுடலாம். ரெண்டு வருஷம் வாலைச் சுருட்டிக்கிட்டு இருந்தான்னா அதோட முடிஞ்சுது. எது வேணும்னு அவனையே கேளு."

இதில் கேட்க என்ன இருக்கிறது? நோரா வாயெல்லாம் பல்லாக பெஞ்சை நோக்கிப் போனாள்.

பெஞ்சில் ரூயி, நண்பன் கல்யாணத்துக்காக வாங்கிய கோட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா டியோலிண்டா. அவள் கணவன் செத்து இருபது வருடம் ஆகிறது. போர்ச்சுக்கலைச் சேர்ந்த அசோர்ஸ் தீவிலிருந்து வந்த நாள் முதல் திரைச்சீலை ஆலையில் தைத்து மகனை வளர்த்தவள். ஆலையில் எல்லோரும் அவள் தீவுக்காரர்கள் என்பதால், இங்கிலீஷ் அவளுக்குப் பாதிதான் வந்தது. கையில் ஜெபமாலை.

"வக்கீலம்மா, இவனை உள்ள போட்டுடுவாங்களா?"

"மாட்டாங்க மிஸஸ் ஃபுர்டாடோ. ஒரு வருஷம்னு பேருக்கு எழுதுவாங்க. ஆனா ஒரு நாள்கூட இவன் உள்ள இருக்க வேண்டாம். இன்னிக்கு ராத்திரி உங்க கையால சாப்பிடுவான்."

டியோலிண்டா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஒரு நாள்கூட இவன் ஜெயில்ல இருக்கக் கூடாதுன்னு பரிசுத்த ஆவிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். நடந்துட்டா, அவரோட திருவிழாவுக்கு இருநூறு பேருக்கு சூப் ஊத்தறேன்னு சொல்லியிருக்கேன்."

"இருநூறு பேரா?" என்றான் ரூயி. "அம்மா, நான் ஜெயிலுக்கே போயிடறேன். வெங்காயம் உரிக்கிறதுக்கு அது மேல்."

"வாயை மூடு. உதைக்கும்போது இருந்த வாய் இப்ப எதுக்கு?"

அந்தக் கட்டடத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கென்று ஒரு பச்சைத் தாள் உண்டு. என்ன தண்டனை வேண்டும் என்பதைக் குற்றவாளியின் வக்கீல்தான் அதில் எழுதித் தர வேண்டும். நோரா தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு 'ஒரு வருடம், முழுவதும் நிறுத்திவைப்பு' என்று எழுதினாள். ஒரு வருடம் என்பது அங்கே எல்லோர் நாக்கிலும் புழங்கும் அளவு. பத்து மாதம், பதினோரு மாதம் என்று யாரும் எழுதுவதில்லை. கீழே ரூயி கையெழுத்துப் போட்டான். 'எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்' என்ற வரிக்குக் கீழே நோரா போட்டாள்.

நீதிபதி விட்டேகர் நல்ல மனிதர். அன்று காலை அவர் முன்னால் நாற்பது வழக்குகள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு வாசகத்தைப் படிக்க வேண்டும். சட்டம் அப்படிச் சொல்கிறது, அவரும் விடாமல் படிப்பார். பூசையில் மந்திரம் ஓடுவதுபோல் மூச்சு விடாமல் ஓடும் அது.

"நீங்க இந்த நாட்டுக் குடிமகனா இல்லாத பட்சத்துல, இதை ஒப்புக்கறதால நாடு கடத்தப்படலாம், திரும்பி வர அனுமதி மறுக்கப்படலாம், குடியுரிமை மறுக்கப்படலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது யுவர் ஆனர்," என்றான் ரூயி. அவனுக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சல்லிவன்கள்.

நோராவின் காதில் அந்த வாசகம் விழவே இல்லை. விழாமல் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ரூயி எங்கே பிறந்தவன் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் பேச்சு அச்சு அசல் அவள் தம்பியின் பேச்சு. அதே ஊர் இழுவை, அதே பேஸ்பால் பைத்தியம். பாதி இங்கிலீஷில் தடுமாறும் அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தோன்றவில்லை. கேட்டிருந்தால், இரண்டு வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தேன் என்று அவன் சொல்லியிருப்பான். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, குடியுரிமைக்கு மட்டும் எழுதிப் போடவில்லை என்றும் சொல்லியிருப்பான். ஒரே ஒரு கேள்வி.

"கடைசியா என்னடா சொன்னாரு ஜட்ஜு? ரொம்ப நேரம் சொன்னாரே?" வெளியே வந்ததும் டியோலிண்டா கேட்டாள்.

"எல்லாருக்கும் சொல்றதும்மா. வா, பசிக்குது."

மே மாதக் கடைசி ஞாயிறு திருவிழா வந்தது. மாதாகோவில் பின்கட்டுக் கூடத்தில் டியோலிண்டா சொன்னபடி இருநூறு பேருக்கு சூப் ஊற்றினாள். ரொட்டித் துண்டுகளின் மேல் புதினா வைத்து, அதன் மேல் கொதிக்கக் கொதிக்க மாட்டிறைச்சிச் சாறு. நோராவைத் தலைமாட்டு நாற்காலியில் உட்கார வைத்து முதல் கிண்ணத்தை அவளுக்குத்தான் கொடுத்தாள். "இவங்கதான், இவங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். ரூயி இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பானை தூக்கினான். நோராவுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். இந்த வேலைக்கு வந்ததற்கு இன்று ஒரு நாள் போதும் என்று அன்றிரவு தன் தம்பியிடம் போனில் சொன்னாள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கிரீன் கார்டு என்கிற குடியேற்ற அட்டையைப் புதுப்பிப்பதற்காக ரூயி பாஸ்டனுக்குப் போனான். பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் முடித்துவிடலாம் என்று வேலை உடையோடேயே போனான். கைரேகை எடுத்தார்கள். கொஞ்சம் உட்காருங்கள் என்றார்கள். அப்புறம் கையை நீட்டச் சொன்னார்கள். அவன் வண்டி நான்கு நாள் அங்கே வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது.

"மேடம், இது சிறுகுற்றம்னுதானே சொன்னீங்க?" கவுண்டி சிறையிலிருந்து போனில் கேட்டான். கோபமே இல்லாமல் கேட்டான். "இவங்க வேற என்னமோ சொல்றாங்க. கொடுங்குற்றமாம். நான் யாரையும் கொல்லலியே?"

"ஏதோ தப்பு நடந்திருக்கு ரூயி. நான் பாக்கறேன்," என்றாள் நோரா.

தப்பு நடந்துதான் இருந்தது. குடியேற்றச் சட்டம் நோராவின் அலமாரியில் கிடையாது. அவள் மாநிலச் சட்டக்காரி. கவுண்டி நூலகத்துக்குப் போய், தடித்த புத்தகத்தை இறக்கி, நின்றபடியே படித்தாள். மாநிலம் ஒரு குற்றத்தைச் சிறியது என்று சொல்லட்டும், பெரியது என்று சொல்லட்டும், மத்திய அரசுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதற்கென்று தனித் தராசு இருந்தது. அடிதடி வழக்கில் விதித்த தண்டனை ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் அது கொடுங்குற்றம். கொலைகாரனோடு ஒரே வரிசை. மன்னிப்புக் கிடையாது, முறையிட வழி கிடையாது. அந்தத் தண்டனையை அவன் அனுபவித்தானா, நிறுத்திவைத்தார்களா என்பது கணக்கில் வராது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

அந்த வரியை மூன்று முறை படித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு மாதம் உள்ளே போயிருந்தால் அவனை யாரும் தொட்டிருக்க முடியாது. பதினோரு மாதம் நிறுத்திவைப்பு என்று அவள் எழுதியிருந்தால் ஒரு நாள் உள்ளேயும் போயிருக்க மாட்டான், இன்று கூரை மேல் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருப்பான். எழுதியது அவள் கை. நீதிபதி இல்லை, ஸ்லேட் இல்லை. தன் முழங்காலில் வைத்துத் தானே எழுதியது.

பழைய வழக்கைத் திறக்கக் கோரி மனுப் போட்டாள். விசாரணைக்கு முன்னால் ஸ்லேட் தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தான். கிண்டல் பேச வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா பதினோரு மாசம்னு போட்டிருப்பேனே நோரா. எனக்கு என்ன போச்சு?"

"தெரியும். அதைத்தான் சொல்லாதன்னு மனசுல வேண்டிக்கிட்டு வந்தேன்."

நீதிபதி விட்டேகர் பழைய ஒலிநாடாவை வரவழைத்துப் போட்டுக் கேட்டார். கரகரவென்று அவருடைய குரலே வந்தது. நாடு கடத்தப்படலாம், புரிஞ்சுதா? புரிஞ்சுது யுவர் ஆனர். பின்னால் யாரோ தும்முகிற சத்தம். அது நோராதான்.

"வாசகத்தைப் படிச்சிருக்கேன்," என்றார் அவர் மெதுவாக. "படிக்காம விட்டிருந்தா இன்னிக்கே ரத்து பண்ணிடுவேன். அவன் புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கான். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான் கேக்கலை யுவர் ஆனர். அவன் எங்க பிறந்தான்னு நான் கேக்கவே இல்லை. தப்பு என்னோடது. அதுக்கு அவனைத் தண்டிக்காதீங்க."

"நாடு கடத்தறது தண்டனைல சேராதுன்னு மேல்கோர்ட்டு சொல்லுது. அதனால வக்கீல் அதைச் சொல்லாம விட்டது தப்புல சேராது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தண்டனையைக் குறைங்கன்னு அறுபது நாளுக்குள்ள வந்திருந்தா, ஒரு பேனாக் கீறல். அதுக்கப்புறம் எனக்கு அந்த அதிகாரம் இல்ல. மன்னிச்சுக்கோங்க மிஸ் டன்ஃபி."

அறுபது நாள். வீட்டுக்குப் போய் நாட்காட்டியில் எண்ணிப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. திருவிழா ஞாயிறன்று, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, இன்னும் ஐந்து நாள் மிச்சம் இருந்திருக்கிறது.

அனுப்பிவைக்கும் வரை ரூயியை கவுண்டி சிறையிலேயே வைத்திருந்தார்கள். எந்தச் சிறையில் ஆறு மாதம் இருக்க வேண்டாம் என்று இவ்வளவும் செய்தார்களோ, அதே சிறையில் ஏழு மாதம் இருந்தான். நவம்பர் மாதம் விமானத்தில் ஏற்றினார்கள். ஒரு பை கொண்டுபோகலாம் என்றார்கள். அம்மாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்துப் பார்க்க விட்டார்கள்.

அடுத்த பிப்ரவரி மாதத்தில்தான் டியோலிண்டாவைப் போய்ப் பார்க்க நோராவுக்குத் தைரியம் வந்தது. அவள் ஊரெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு திரிகிறாள் என்று நோராவின் காதுக்கு வந்திருந்தது. மகன் சிறுவனாக இருந்தபோதே அவள் குடியுரிமை வாங்கியிருந்தால் அவனுக்கும் தானாக வந்திருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அது உண்மைதான். ஆனால் அந்தப் பாரத்தைக் கிழவி ஒருத்தியாகச் சுமக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது நோராவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

முதல் நாள்தான் பெரிய பனி பெய்திருந்தது. மேட்டுத் தெரு முழுக்கக் கார் நிறுத்த இடமில்லை. டியோலிண்டாவின் வீட்டு முன்னால் மட்டும் ஓர் இடம், ஓரமெல்லாம் சீராகச் செதுக்கி, தரை தெரிய வாரியிருந்தது. நடுவில் சமையலறை நாற்காலி. டியோலிண்டாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரூயியின் வண்டியை விற்று மாதக்கணக்காகிவிட்டது.

நோரா காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து பார்த்துவிட்ட டியோலிண்டா, செருப்போடேயே இறங்கி வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள்.

"போடுங்க வக்கீலம்மா. உங்களுக்கு இல்லாத இடமா?"

உள்ளே காபி வைத்தாள். இனிப்பு ரொட்டி நறுக்கினாள். "நேத்து போன் பண்ணினான். அங்க எல்லாரும் அவனை அமெரிக்கான்னுதான் கூப்பிடறாங்களாம். கடையில ரொட்டி கேட்டா சிரிக்கறாங்களாம். நான் பேசின பாஷைதானே, பாதியாவது வராதாடான்னேன். 'நீ திட்டறதெல்லாம் வருதும்மா, அதை வெச்சு எப்படி ரொட்டி வாங்கறது?'ன்னு கேக்கறான்." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நான் மட்டும் அன்னிக்கே காகிதம் எழுதிப் போட்டிருந்தா..."

"மிஸஸ் ஃபுர்டாடோ, அது உங்க தப்பு இல்ல. என் தப்பு." நோரா காபியைத் தள்ளி வைத்தாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "அன்னிக்கு கோர்ட்டுல ரெண்டு வழி இருந்துது. ஆறு மாசம் உள்ள இருக்கறது. இல்ல, ஒரு வருஷம் எழுதி வெளியிலயே இருக்கறது. நான் ரெண்டாவதை எழுதினேன். அந்த ஒரு வருஷம்கிற வார்த்தையைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. ஆறு மாசம் அவன் ஜெயில்ல இருந்திருந்தா இன்னிக்கு இந்த மேஜையில உட்கார்ந்திருப்பான். ஜெயிலும் வேண்டாம், பதினோரு மாசம்னு எழுதியிருந்தாலே போதும். அவன் எங்க பிறந்தான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. என்னைத் திட்டுங்க. உங்களைத் திட்டிக்காதீங்க."

டியோலிண்டா ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினாள். நோரா அடிக்காகக் காத்திருந்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றே நினைத்தாள்.

"ஜெயிலுக்குப் போயிருந்தா இருந்திருப்பானா?" டியோலிண்டா கேட்டாள்.

"இருந்திருப்பான்."

"ஒரு நாள்கூட ஜெயில்ல இருக்கக் கூடாதுன்னு நான்தானே கேட்டேன்." அவள் குரல் குழந்தையின் குரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது. "கேட்டதைத்தான் சாமி குடுத்தாரு. என் பையனை என்கிட்டயே விட்டு வையின்னு கேட்டிருக்கணும். அதைக் கேக்காம ஜெயில் வேண்டாம்னு கேட்டுட்டேன். இருநூறு பேருக்கு ஊத்தி நன்றி வேற சொன்னேன்."

"அய்யோ, அப்படி இல்லம்மா. நான் சொல்றதைக் கேளுங்க, எழுதினது நான்..."

"நீங்க நான் கேட்டதை எழுதினீங்க வக்கீலம்மா. தப்பாக் கேட்டது நான்." அவள் நோராவின் கையை எடுத்துத் தட்டிக்கொடுத்தாள். "காபி ஆறுது, குடிங்க."

நோரா குடித்தாள். பாரத்தை இறக்கி வைக்க வந்தவள் இன்னும் ஒரு மூட்டையைக் கிழவியின் தலையில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் திரும்ப எடுக்க எந்த மனுவும் கிடையாது.

கிளம்பும்போது மீதி ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள் டியோலிண்டா. நோரா வாங்கிக்கொண்டாள். காரைக் கிளப்பிக்கொண்டு முனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். டியோலிண்டா நாற்காலியைத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு, அதன் மேல் விழுந்திருந்த பனியைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.